கல்லின் மேல் மரம்: நார்ட்டன் செயின்ட் பிலிப் ஜார்ஜ் விடுதியின் கட்டட வளர்ச்சி

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் சிற்றூரின் ஜார்ஜ் விடுதியை ஆராய்பவர் எவரும் டபிள்யூ. ஏ. பேன்டினைக் கடந்துதான் செல்ல வேண்டும். இடைக்கால விடுதிகள் குறித்து 1961-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் அவற்றை இரு வகையாகப் பிரித்தார். முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்தவை ஒருவகை. தெருமுகப்பிலேயே வாயில் வளைவோடு ஒரே தொகுதியாக எழுந்தவை மற்றொன்று. கிளஸ்டர் நகரின் நியூ இன் முதல் வகைக்கும், கிளாஸ்டன்பரியின் ஜார்ஜ் இரண்டாம் வகைக்கும் தெளிவான சான்றுகள். அந்த இரண்டையும் பொறுத்தவரை பேன்டினோடு எனக்குப் பிணக்கில்லை.

நார்ட்டனில்தான் சிக்கல். தெருவில் நின்று பார்த்தால் இது இரண்டாம் வகையேதான்: நடுவில் வளைவு வாயில், முதல் மாடியில் மூன்று துருத்துச் சாளரங்கள். ஆனால் வகைப்பாடு என்பது ஒரு கட்டடத்தை முழுமையடைந்த பொருளாகக் கொள்கிறது. அது எந்த வரிசையில் வளர்ந்தது என்று கேட்பதில்லை. நார்ட்டனில் கேட்க வேண்டியதே அந்தக் கேள்விதான்.

கல்லும் மரமும் சந்திக்கும் கோட்டைக் கவனியுங்கள். கீழ்த்தளம் முழுக்கக் கல். அதன்மேல் இரண்டு தளங்கள் மரச்சட்டகத்தால் ஆனவை. ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதைத் தாண்டித் தெருப்பக்கம் நீண்டு நிற்கிறது. இது சுண்ணக்கல் மலிந்த பகுதி. விடுதியைக் கட்டிய ஹின்டன் கார்த்தூசிய மடத்தார் தம் மடத்தைக் கல்லால்தான் எழுப்பினார்கள். அப்படிப்பட்டவர்கள் பாதியில் மரத்துக்கு மாறியது ஏன்? பிற்காலத்தில் மேற்பகுதி புதிதாக எடுக்கப்பட்டது என்பதே எனக்கு ஏற்புடைய விடை. கல் அடித்தளமும் மர மாடியும் ஒரே வேலையாகக் கட்டப்பட்ட வீடுகள் இங்கிலாந்தில் உண்டு என்பதால், இந்தக் கோடு மட்டுமே முடிவான சான்றாகாது. ஆயினும் மேல்தளத்தின் அமைப்பு என் பக்கம் சாய்கிறது. தடுப்புகளின்றி நீண்டு கிடந்த அந்தப் பரண் பயணிகள் உறங்குவதற்கு உரியதன்று; சரக்கு அடுக்குவதற்கு உரியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1902 வரை இவ்வூரில் சந்தை கூடியது. கம்பளியும் துணியும் வந்து குவிந்த அந்தச் சந்தைதான் மேல்தளங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

பின்புறம் சென்றால் படிக்கட்டுக் கோபுரமும் முற்றத்தை நோக்கிய மர நடைமாடமும் இருக்கின்றன. இவை பேன்டினின் முதல் வகைக்குரிய கூறுகள். ஆக, ஒரே கட்டடம் முகப்பில் ஒரு வகையாகவும் பின்னால் மற்றொரு வகையாகவும் நிற்கிறது. இரு வகைகளும் இங்கே ஒரே விடுதியின் வளர்ச்சிப் படிகள் என்று கொண்டால்தான் இது விளங்கும்.

காலத்தைப் பற்றி உறுதியாகப் பேச இயலவில்லை. கல் பகுதி 14-ஆம் நூற்றாண்டா, 15-ஆம் நூற்றாண்டா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. மரப்பகுதியை 15-ஆம் நூற்றாண்டில் வைப்பது பெருவழக்கு. 1232-இல் சாலிஸ்பரி கோமகள் ஈலா நிறுவிய மடம் 1539-இல் கலைக்கப்பட்டது. முக்கிய வேலைகள் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1668-இல் இங்கே உணவருந்தியதும், கிளர்ச்சி செய்த மன்மத் கோமகன் 1685-இல் படையோடு தங்கியதும் புகழ்பெற்ற செய்திகள். கட்டட வரலாற்றுக்கு அவை உதவுவதில்லை.

இவ்விடுதி 1397 முதல் உரிமம் பெற்ற மதுக்கூடம் என்ற கூற்றை மட்டும் மறுத்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் மதுக்கடைகளுக்கு நீதிபதிகள் உரிமம் வழங்கும் முறையை 1552-ஆம் ஆண்டுச் சட்டமே கொண்டுவந்தது. விடுதி அதைவிடப் பழையதாக இருக்கலாம். அந்த உரிமம் இருந்திருக்க முடியாது. கட்டடத்தின் காலத்தைக் கணிக்க வருவோர் 1397 என்ற ஆண்டை ஒதுக்கிவிட்டு, கல்லும் மரமும் சேரும் இடத்திலிருந்து தொடங்குமாறு வேண்டுகிறேன்.