மங்கும் மருந்தும்: ஒரு கையுறையில் தொடங்கிய கதை

அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலயும் மண்ணிறமாய் மங்கு விழுந்தது. பார்க்க வந்த ஆக்கள் பிள்ளையை விட்டுட்டு அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். "என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்?" ஒரு மாமி லேபிள் இல்லாத சின்ன டப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. "ரெண்டு கிழமையில வெளுத்திடும்." அதுக்குள்ள என்ன இருக்கும் என்று தேடப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தேன்.

மங்கு, மருத்துவத்தில் மெலஸ்மா. கர்ப்பகாலத்தில் கூடுகிற ஹோர்மோன்களும் வெயிலும் சேர்ந்து தோலின் நிறச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் 1960இல் சந்தைக்கு வந்தபோது கர்ப்பமாகாத பெண்களுக்கும் இது வரத் தொடங்கியது. மாத்திரை பாவித்த 212 பெண்களைப் பார்த்த 1967ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 29 வீதமானவர்களுக்கு மங்கு இருந்தது.

மருந்தின் கதை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. 1939இல் அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாய் வெளுத்தன. காரணம், அவர்கள் போட்ட றப்பர் கையுறை. றப்பர் பழுதாகாமல் இருக்கச் சேர்த்த இரசாயனம் நிறச் செல்களையே தாக்கியிருந்தது. அவர்களுக்கு அது தொழில் தந்த காயம். மருத்துவ உலகம் அதில் ஒரு மருந்தைக் கண்டது. ஆனால் அந்த இரசாயனத்தை மங்குக்குப் பூசிய சிலருக்கு நிரந்தர வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. அதனால் அதன் சாதுவான உறவான ஐதரோகுயினோனுக்கு மாறினார்கள். 1960களில் அது தோல் மருத்துவத்தில் இடம்பிடித்தது.

1975ஆம் ஆண்டு முக்கியமானது. அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் 5 வீத ஐதரோகுயினோனோடு ரெற்றினோயினும் ஸ்டீரொயிட்டும் கலந்த சூத்திரத்தை வெளியிட்டார்கள். இன்று வைத்தியர்கள் எழுதுகிற மூன்று மருந்துக் கிறீம்களின் மூதாதை அதுதான். இதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் 1974 வரை பரிசோதனை நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்.

அதே 1975இல் தென்னாபிரிக்காவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. வெளுக்கும் கிறீம்களை வருடக்கணக்காய்ப் பூசிய கறுப்பினப் பெண்களின் முகம் நீலக்கறுப்பாய்த் தடித்துப் போயிருந்தது. வெளுக்கப் பூசியது கறுக்க வைத்தது. அதுவும் இலகுவில் மாறாத கறுப்பு. வெள்ளை நிறத்தைச் சட்டத்தால் உயர்த்தி வைத்த நாட்டில் அந்தக் கிறீம்கள் ஏன் விற்றன என்று விளக்கத் தேவையில்லை. 1990இல் தென்னாபிரிக்கா அழகுசாதனங்களில் ஐதரோகுயினோனைத் தடைசெய்ய விதி கொண்டுவந்தது. ஐரோப்பாவும் பிறகு தடுத்தது.

யப்பானில் கதை வேறு மாதிரி. பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் போய்ச் சாகிற தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்று உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி கணவரோடு சேர்ந்து தேடி, 1962இல் கண்டறிந்தது ட்ரனெக்ஸாமிக் அசிட். 1979இல் வேறொரு தோல் வருத்தத்துக்கு அதைக் கொடுத்த வைத்தியர் ஒருவர், நோயாளியின் மங்கு குறைவதையும் கவனித்தார். இப்போது மங்குக்கும் அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் இரத்தம் கட்டுகிற ஆபத்து உள்ளவர்களுக்குக் கூடாது. நாமாகப் பாமசியில் வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை.

அக்காவின் டப்பியைத் தோல் வைத்தியரிடம் காட்டினோம். லேபிள் இல்லாத கிறீம்களில் கடும் ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இருக்கலாம், பால் கொடுக்கிற தாய் தொடவே வேண்டாம் என்றார். முதல் மருந்து குடையும் நிறம் சேர்த்த சன்ஸ்கிறீனும்தான். அதிலிருக்கிற இரும்பு ஒக்சைட்டு கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தடுக்கும். மங்கு மெல்ல மெல்லத்தான் மங்கும், வெயில் பட்டால் திரும்பியும் வரும் என்றும் சொன்னார்.

மங்கைக் குறைக்க விரும்புவதில் பிழையில்லை. ஆனால் மங்கைக் குறைக்கிறது வேறு, ஆளை வெளுக்கப்பண்ணுகிறது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிய இடங்களில் எல்லாம் விலை கொடுத்தது கறுத்த தோல்தான். மாமி அடுத்தமுறை வந்தபோது அக்கா டப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னா: "மாமி, முதல்ல பிள்ளையைப் பாருங்கோ."