காமன் கூத்தும் தப்பிசையும்

களனிப் பள்ளத்தாக்கிலே, அவிசாவளைக்கும் கேகாலைக்கும் இடையே அமைந்த ஊர் ருவான்வெல்லை. அதன் சுற்றுப்புறக் குன்றுகளில் இறப்பரும் தேயிலையும் பயிராகின்றன. தென்னிந்தியாவிலிருந்து இத்தகைய தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர், தம்மோடு கொணர்ந்த கலைகளுள் தலையாயது காமன் கூத்து.

ஜெர்மானிய இசைமேதை ரிச்சட் ஸ்ட்ராஸ், 1889ஆம் ஆண்டில், ஒரு மனிதன் இறந்து வேறொரு நிலை எய்துவதைப் பல்வாத்திய இசையாக அமைத்து முடித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. ஏறக்குறைய அதே பொருளைத்தான் காமன் கூத்தும் இசைக்கிறது. வேறுபாடு யாதெனில், இங்கே இயற்றியவர் பெயர் எவருக்கும் தெரியாது; எழுதி வைத்த சுரக்குறிப்பும் இல்லை.

மாசி மாதத்திலே காமன் ஊன்றப்படும். மன்மதனுக்கும் ரதிக்கும் மணம் நிகழும். பின்னர், தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவபெருமானின் நெற்றிக்கண் எரித்துவிடும். ரதி புலம்புவாள். முடிவில் அவன் மீண்டும் உயிர் பெறுவான்; ஆயினும் அவள் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான். கணவனாய் இருந்தவன் சாம்பலாகி, சாம்பலாய் இருந்தவன் உருவிலியாகும் இம்மாற்றங்களைச் சொல்வது பாட்டு. சொல்லுக்கு முன்னே உணர்த்துவது தப்பு. வலக்கையில் குறுகித் தடித்த அடிகுச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிந்துகுச்சி, இவ்விரண்டே கருவி. தோல் தளர்ந்தால் வைக்கோல் தீயிலே காய்ச்சி முறுக்கேற்றுவர். மணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி.

அதே தப்புத்தான் விடியற்காலையிலே தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது என்பது கசப்பான செய்தி. அதை முழக்கியவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கியதும் உண்மையே. இழிவுக்கு அஞ்சித் தப்பைக் கைவிட்டோரைக் குறை கூறுதல் நியாயமன்று.

கூத்துக்கு வாத்தியார், பாடுவோர், தப்படிப்போர், ரதி வேடம் தாங்கும் ஆண்மகன் என ஒரு குழுவே வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்க்கப்படுமெனத் தள்ளி வைக்கப்பட்டது. அண்டை வீட்டார் பிரிந்தனர், உறவினரும் பிரிந்தனர். தலைமன்னாரிலே கப்பலேறியோருள் ரதிக்குப் புலம்பல் பாடியவர்களும் இருந்தனர். அவர்களுடைய அடிமுறைகளை எவரும் அன்று ஏட்டிலே குறித்துக்கொள்ளவில்லை.