தரை தொடும் ஜன்னல்

சங்ககிரிப் பக்கம் புது வீடுகளில் தரை முதல் கூரை வரை கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்கள். அதன் வரலாறு கொஞ்சம்.

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி. பலர் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையை 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த பிறகு பெரிய கண்ணாடி எளிதாகக் கிடைத்தது.

அது குளிர்நாட்டில் வெயிலுக்கு ஏங்கியவர்களின் ஜன்னல். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களே உயரமான ஜன்னலுக்குச் சாய்ந்த மரப்பட்டைக் கதவு போட்டு வெயிலைத் தடுத்தார்கள். நம் தொட்டிக்கட்டு வீடு நடுவாசல் வழியே வெளிச்சம் வாங்கியது.

வெளியூரிலிருந்து வீட்டு பிளான் அனுப்பும் பிள்ளைகளே, பெரிய ஜன்னலை வடக்கே வையுங்கள், மேற்கே வேண்டாம். சித்திரை வெயிலில் உள்ளே இருக்கப்போவது உங்கள் அப்பா அம்மாதான்.