21: இருவர் இருந்தாலும் ஆடக்கூடிய கடதாசி விளையாட்டு

எங்கள் வீட்டு விறாந்தையில் முன்பு ஆடியது 304. அப்பாவும் நானும் ஒரு சோடி, சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணாவும் மறு சோடி. 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் தங்கிய பாடசாலையிலும் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அதே நால்வரும் ஆடினோம். 2009இற்குப் பின் அந்த நால்வரில் எஞ்சியிருப்பது நான் மட்டுமே. கடதாசிக் கட்டு பல வருடங்கள் அலுமாரியில் கிடந்தது.

அதை மீண்டும் வெளியே எடுக்க வைத்தவன் அக்காவின் மகன். “மாமா, போனிலை 21 எண்டு ஒரு விளையாட்டு இருக்கு. காசு வருமாம், உண்மையோ?” என்று கேட்டான். ஏசுவதைவிட விளையாடிக் காட்டுவது நல்லது என்று நினைத்தேன்.

எங்கிருந்து வந்தது?

சூதாட்ட விடுதிகளில் ‘பிளாக்ஜாக்’ எனப்படுவது இந்த 21தான். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டேஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலேயே இதன் மூத்த வடிவம் பேசப்படுகிறது. பின்னர் பிரான்சிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1962இல் எட்வேட் தோர்ப் என்ற கணிதவியலாளர், வெளியே வந்த கடதாசிகளை நினைவில் வைத்து ஆடினால் விடுதியை வெல்லலாம் என்று ஒரு நூலில் நிறுவினார். விடுதிகள் கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் அடிக்கடி கலைத்தும் அதற்கு ஈடு செய்தன.

வீட்டில் ஆடும் முறை

ஒரு கட்டு, 52 கடதாசிகள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. காசு வேண்டாம்.

2 முதல் 10 வரை அந்தந்த எண்ணே பெறுமதி. ஜாக், குயின், கிங் ஒவ்வொன்றும் 10. ஆசு 1 அல்லது 11, எது வசதியோ அது.

பகிர்பவர் எல்லோருக்கும் இரண்டு கடதாசி கொடுப்பார். தன்னுடையதில் ஒன்றை மட்டும் திறந்து வைப்பார். மற்றவர்கள் முறைப்படி இன்னொன்று கேட்கலாம், அல்லது போதும் எனலாம். 21ஐத் தாண்டினால் உடனே தோல்வி. எல்லோரும் முடித்த பின்னரே பகிர்பவர் ஆடுவார். 16 வரை அவர் எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். 21க்குக் கிட்ட நிற்பவருக்கு ஒரு கொட்டை. முதல் இரண்டிலேயே 21 வந்தால் இரண்டு கொட்டை. சமன் என்றால் கொடுக்கல் வாங்கல் இல்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பகிர்பவர் மாற வேண்டும். இந்த விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது?

கையில் 11 அல்லது அதற்குக் கீழ் என்றால் பயமின்றி எடுக்கலாம். 12 இருந்தால், 13 வகைக் கடதாசிகளில் 4 வகை உங்களைக் கவிழ்க்கும். 16 இருந்தால் 8 வகை கவிழ்க்கும். முதல் இரண்டிலேயே 21 வருவது சராசரியாக 21 தடவைக்கு ஒன்றுதான்.

விடுதி ஏன் வெல்கிறது?

மருமகனுடன் ஆடியபோது வேண்டுமென்றே நானே தொடர்ந்து பகிர்ந்தேன். முதல் நாள் அவன் வென்றான். துள்ளிக் குதித்தான். அந்த வாரம் முடிவதற்குள் அவனுடைய கொட்டைகள் எல்லாம் என் பக்கம் வந்துவிட்டன.

“நீங்கள் கள்ளம் செய்யிறியள்” என்றான்.

கள்ளமில்லை. அவன் 21ஐத் தாண்டினால் அப்போதே தோற்கிறான். அதன்பின் நானும் தாண்டியிருப்பேனா என்பது கணக்கில்லை. கடைசியாக ஆடுபவருக்குள்ள அந்தச் சிறிய அனுகூலமே விடுதியின் வருமானம். சில நாள் தோற்றாலும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அது தன் பங்கை எடுத்துவிடும். போனில் பகிர்பவர் ஒருபோதும் மாறுவதில்லை.

வீட்டில் பகிர்பவர் மாறுவதால் அந்த அனுகூலமும் சுற்றிச் சுற்றி எல்லோரிடமும் வரும். அதனால்தான் இங்கே இது விளையாட்டு, அங்கே வியாபாரம்.

இப்போது பின்னேரங்களில் நாங்கள் இருவரும் மாறி மாறிப் பகிர்ந்து ஆடுகிறோம். சில நாட்களில் அக்காவும் வந்து குந்துவா. இன்னும் ஒருவர் சேர்ந்தால் 304ஐயும் சொல்லிக் கொடுக்க இருக்கிறேன்.