மார்ஃபினும் நம்ம ஊரு நிலவாகையும்

"அவருக்கு மார்ஃபின் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்." இந்த ஒத்த வரி போதும், எங்க கீழக்குயில்குடி பக்கம் சொந்தபந்தமெல்லாம் கடைசியா முகம் பார்க்கக் கிளம்பிடும். மார்ஃபின்னா ஒண்ணு சாவு, இல்லைன்னா போதை. நடுவுல மருந்துன்னு ஒரு அர்த்தம் இருக்குன்னு யாரும் நினைக்கறதில்லை. இந்த பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டினப்போ கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு முரண். சட்டப்படி அபின் பால் எடுத்து ஏற்றுமதி செய்யற நாடு நம்ம நாடு. ம.பி., ராஜஸ்தான், உ.பி.யில அரசு லைசென்ஸோட கசகசாச் செடி வளருது. காஸிப்பூர் அபின் ஆலை கம்பெனிக்காரன் காலத்துல, 1820ல ஆரம்பிச்சது. (குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் இதே செடியோட விதைதான். பயப்படாம சாப்பிடுங்க :-))

அப்படிப்பட்ட நாட்டுல 1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துச்சு. குறிவெச்சது கடத்தல்காரனை, அடி விழுந்தது நோயாளிக்கு. தப்பு பண்ணா குறைஞ்சது 10 வருஷம் கடுங்காவல். ஆஸ்பத்திரியில மார்ஃபின் வாங்கி வைக்க ஏகப்பட்ட லைசென்ஸ், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆபீஸ்ல. எதுக்கு வம்புன்னு மருந்துக்கடைக்காரங்க ஸ்டாக் வைக்கறதையே விட்டுட்டாங்க. நாட்டோட மருத்துவ மார்ஃபின் உபயோகம் 97 சதவீதம் சரிஞ்சு, 1997ல வெறும் 18 கிலோ. மொத்த இந்தியாவுக்கும்! மார்ஃபினைக் கண்ணால பார்க்காமலே ஒரு தலைமுறை டாக்டரும் நர்ஸும் படிச்சு முடிச்சாங்க. கையில எடுத்துப் பழகாத மருந்து மேல பயம் வராம என்ன வரும்?

இதே காலத்துல வெளியே என்ன நடந்துச்சு? இங்கிலாந்துல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா. முதல்ல நர்ஸ், அப்புறம் மருத்துவ சமூகப் பணியாளர், கடைசியா டாக்டர். வலி வந்து நோயாளி கதறின பிறகு ஊசி போடறது தப்பு, வலி திரும்பறதுக்கு முன்னாடியே மணி பார்த்து மருந்து குடுக்கணும்னு செஞ்சு காட்டினாங்க. நம்ம பாஷையில சொன்னா க்ரான் ஜாப் மாதிரி. 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினாங்க. 1986ல உலக சுகாதார நிறுவனமும் புற்றுநோய் வலிக்கு 'வாய் வழியா, மணிப்படி'ன்னு வழிமுறை போட்டுச்சு.

அது நம்ம பக்கம் வேர் பிடிச்சது கோழிக்கோட்டுல. 1993ல அங்க மருத்துவக் கல்லூரியில டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் ஒரு வலி நிவாரண கிளினிக் ஆரம்பிச்சாங்க. மார்ஃபினை நோயாளி கையிலயே குடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க. வித்துடுவாங்க, அடிமையாயிடுவாங்கன்னு எல்லாரும் பயமுறுத்தின விஷயம். 2 வருஷத்துல 1723 நோயாளிகள். ஒரு தவறான உபயோகம்கூட கண்டுபிடிக்கப்படலைன்னு 2001ல லான்செட் இதழ்ல கட்டுரை வந்துச்சு.

இது நடந்ததுக்குக் காரணம் மருந்து மட்டும் இல்லைங்க, பக்கத்துல இருந்து கவனிச்ச கைகள். மார்ஃபினோட சைடு எஃபெக்ட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. குமட்டல் பெரும்பாலும் முதல் சில நாள்தான், அதுக்கு மருந்து உண்டு. தூக்கக் கலக்கமும் அப்படியே உடம்புக்குப் பழகிடும். எல்லாரும் பயப்படற மூச்சுத் தளர்ச்சி திடீர்னு குதிக்காது. அதுக்கு முன்னாடி எழுப்பினாலும் எழுந்திரிக்காத அளவு மயக்கம் வரும். அதனாலதான் நர்ஸ் வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, மூச்சை எண்றாங்க. நிமிஷத்துக்கு 8க்குக் கீழே போனா டாக்டருக்கு உடனே தகவல் போகும். முறிக்க நலோக்ஸோன் இருக்கு.

போகவே போகாத ஒண்ணு மலச்சிக்கல். மாசக்கணக்கா மார்ஃபின் எடுத்தாலும் குடல் அதுக்குப் பழகாது. கேட்க சின்ன விஷயம். ஆனா பத்து நாள் மலம் போகாம வயிறு கல்லா இருக்கறவங்க, இதுக்கு வலியே தேவலைன்னு மருந்தைத் தூக்கி எறிஞ்சுடுவாங்க. அதனால மார்ஃபின் ஆரம்பிக்கிற அன்னைக்கே மலமிளக்கியும் ஆரம்பிக்கணும்ங்கறது பாலபாடம். அதுல முக்கியமான ஒண்ணு சென்னா. எதுன்னு பார்த்தா நம்ம நிலவாகை! உலக மருந்துச் சந்தையில அதுக்குப் பேரே 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சரக்கு. தெற்கத்திக் கரிசல்ல விளையறது. அபின் வடக்கே, அதோட தொல்லைக்கு மருந்து தெற்கே.

சட்டம் 2014ல திருத்தப்பட்டுச்சு. மார்ஃபின் உட்பட 6 மருந்துகளுக்கு, அங்கீகாரம் வாங்கின மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும்னு ஆச்சு. ராஜகோபாலுக்கு 2018ல பத்மஸ்ரீ கிடைச்சுது. ஆனா காகிதத்துல மாறினது மனசுல இன்னும் மாறலை. "போதைப் பழக்கம் வந்துடும்"னு சொல்லி, சாகப்போற மனுஷனுக்கு மாத்திரையை ஒளிச்சு வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கு.

உங்க வீட்டுல யாருக்காவது டாக்டர் இதை எழுதிக் குடுத்தா, ரெண்டே கேள்வி கேளுங்க: எத்தனை மணிக்கு ஒருதடவை? கூடவே மலமிளக்கி எழுதியிருக்கா? உங்க ஊர்ல இந்த மருந்து லேசுல கிடைக்குதான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. தேடறவங்களுக்கு உதவும்.