கதிரியக்கக் கல்வி

கதிரியக்கம் என்றால் என்ன, கதிர்வீச்சு உடலை எப்போது பாதிக்கும், எப்போது பாதிக்காது என்பதை மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் புரியவைக்கும் முயற்சியே கதிரியக்கக் கல்வி. யுரேனிய உப்பிலிருந்து கதிர்கள் வருவதை ஆன்றி பெக்கரல் 1896-இல் கண்டறிந்தது, ஆல்பா, பீட்டா, காமா என்ற வகைகள், அரை ஆயுட்காலக் கணக்கு ஆகியவை பாடநூல்களில் இருக்கின்றன. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் தடுமாறும் இடம் வேறு. கதிர் மேலே படுவது ஒன்று, கதிரியக்கப் பொருளே உடலில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுந்தவன் மேல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு வராது. விளக்குக் கரியைத் தொட்டவன் கை பட்ட இடமெல்லாம் கரிதான். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு தீங்கும் இல்லை. கதிரியக்கச் சீசியம் தூளைத் தொட்டவர் விஷயம் அப்படியல்ல.

பிரேசிலின் கோயானியா நகரில் 1987 செப்டம்பரில் இது தெரியவந்தது. காலி செய்யப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் கிடந்த புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் ஒரு பகுதியைப் பழைய இரும்புக்கு விற்கலாம் என்று இருவர் கழற்றிச் சென்றனர். உள்ளே சீசியம்-137 இருந்தது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளைப் பார்த்து வியந்தவர்கள் உறவினருக்கும் நண்பருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனர். சிலர் உடம்பில் பூசிக்கொண்டனர். தூள் படிந்த கையாலேயே ஆறு வயதுச் சிறுமி சாப்பிட்டாள். நால்வர் இறந்தனர், 249 பேரிடம் தூளின் படிவு இருந்தது, சுமார் 1,12,000 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு பயம் மறுகோடிக்குப் போனது. இறந்தவர்களை அடக்கம் செய்ய வந்தபோது மக்கள் கல்லெறிந்தார்கள். கோயானியாக்காரர்களுக்கு வெளியூர் விடுதிகள் அறை தர மறுத்தன. எது ஒட்டும், எது ஒட்டாது என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் 2010-இல் கோபால்ட்-60 கருவி பிரிக்கப்பட்டு ஒருவர் இறந்ததும் இதே வகைதான். அந்தக் கருவி ஏலத்தில் போனது ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்து. கல்வி யாருக்குத் தேவை என்ற கேள்வியில் கற்பிப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வகுப்பறைக் கருவிகளில் முகில் அறைக்கு ஈடு இல்லை. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1911-இல் இதில் துகள்களின் தடங்களைப் படமெடுத்தார். 1927-இல் நோபல் பரிசு பெற்றார். பள்ளியில் செய்வது எளிய வகை. கண்ணாடிப் பெட்டியின் மேற்பக்கம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துண்டு, அடியில் கறுப்பு உலோகத் தகடு, அதற்கும் கீழே உலர் பனி. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துச் சற்றுக் காத்திருந்தால் தகட்டுக்கு மேலே வெள்ளைக் கோடுகள் தோன்றித் தோன்றிக் கலையும். தடித்துக் குட்டையாக விழுவது ஆல்பா. மெலிந்து நெளிவது பீட்டா. நீண்ட நேர்கோடு பெரும்பாலும் விண்கதிரின் மியூவான். தோரியம் கலந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் இருந்த குப்பியின் காற்றை உள்ளே விட்டால், ஒரு புள்ளியிலிருந்து இரண்டாகக் கிளைக்கும் கோடுகளும் தெரியும். தோரியத்திலிருந்து வரும் ரேடான்-220 சிதைந்து பொலோனியம்-216 ஆகிறது. அதன் அரை ஆயுட்காலம் 0.15 நொடிகூட இல்லாததால் அடுத்த ஆல்பாவும் ஏறக்குறைய அதே இடத்திலிருந்து கிளம்புகிறது.

எதுவும் வைக்காத பெட்டியிலும் கோடுகள் விழும் என்பதே இதன் பெரிய பாடம். உலகச் சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறார். பாதியளவு ரேடானால் வருவது. நம் உடலிலுள்ள பொட்டாசியம்-40 மட்டுமே நொடிக்குச் சுமார் 4,000 முறை சிதைகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் கலந்த மணலருகே கைகர் எண்ணியைக் கொண்டுபோனால் டிக்டிக் ஓசை சடசடவென்று கூடும். அதிலுள்ள தோரியம்தான் காரணம். இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு, புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் தெரிவித்தது. இதைக் காட்டிக் கதிர்வீச்சே தீங்கற்றது என்பவர்கள் உண்டு. பல்லாண்டுகளில் மெதுவாகச் சேரும் சிறு அளவைப் பற்றிய ஆய்வு அது, கோயானியாவுக்குப் பொருந்தாது.

அரை ஆயுட்காலத்துக்குக் கருவியே வேண்டாம். 100 பகடைகளை உருட்டி, ஒவ்வொரு முறையும் ஆறு விழுந்தவற்றை ஒதுக்கினால் நான்கு சுற்றில் ஏறக்குறைய பாதி போய்விடும். எந்தப் பகடை எப்போது போகும் என்று மட்டும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் ஏ. சி. கில்பர்ட் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் சிறுவர்களுக்கு விற்ற அணு ஆய்வகப் பெட்டியில் முகில் அறையும் கைகர் எண்ணியும் யுரேனியத் தாதுவும் இருந்தன. விலை 49.50 டாலர், வெகுநாள் விற்கவில்லை. இன்று பள்ளிகளில் மூடி முத்திரையிட்ட, செறிவு குறைந்த மூலங்களை இடுக்கியால்தான் எடுக்கிறார்கள்.

பொதுமக்களுக்கான எச்சரிக்கையும் இந்தக் கல்வியில் சேரும். கதிர்வீச்சைக் குறிக்க 1946-இல் பெர்க்லியில் உருவான மூவிலைக் குறி, படித்தறியாதவருக்கு எதையும் உணர்த்துவதில்லை. ஆகவே பன்னாட்டு அணுசக்தி முகமையும் பன்னாட்டுத் தர அமைப்பும் பதினொரு நாடுகளில் சோதித்துப் பார்த்து, 2007-இல் கூடுதல் குறி ஒன்றைக் கொண்டுவந்தன: சிவப்பு முக்கோணத்தில் கதிர் பாய்ச்சும் மூவிலை, மண்டையோடு, ஓடும் மனிதன். இதைக் கதவிலோ வண்டியிலோ ஒட்டுவதில்லை. கருவியைப் பிரிக்கத் தொடங்குபவர் கண்ணில் மட்டும் படும்படி உள்ளே, மூலத்துக்கு அருகில் ஒட்டுகிறார்கள்.