முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்?



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரலாறு பற்றி நான் எழுதி வைத்த ஏழு நோட்டுகளையும் பேரன் படம் எடுத்து ஏஐ-யிடம் கொடுத்தான். தலைப்பு வாரியாக அழகாகவே பிரித்துச் சுருக்கித் தந்தது. நான் மறந்துபோன குறிப்புகள்கூட அகப்பட்டன.

'அரசு முத்திரை' என்ற தலைப்பில் மட்டும் ஒரே வரி: அதில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். படிக்க இனிக்கத்தான் செய்தது. ஆனால் என் நோட்டில் இருப்பது அவ்வளவு மட்டுமல்ல. முத்திரை 1949-இல் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மாகாணப் பிரதமரானவர் நம் ராஜபாளையம் பூ. ச. குமாரசுவாமி ராஜா. நம்மூர்ப் பெரியவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டே பேசுவார்கள். வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவோ, மதுரை மீனாட்சி கோயில் மேலைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னவர். எது யார் சொன்னது என்று ஓரத்தில் குறித்திருந்தேன். சுருக்கத்தில் அந்த ஓரம்தான் காணாமல் போயிருக்கிறது. (11 நிலை, 192 அடிக் கோபுரத்துக்கு முத்திரை வந்துதான் பெருமை சேர வேண்டுமா என்ன!)

இப்போதெல்லாம், "யார் சொன்னது, எந்த நோட்டு, மாற்றுக் கருத்து உண்டா, சேர்த்துக் கொடு" என்று கேட்கிறேன். கொடுக்கிறது. நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணில் 1949, 50 காலத்து அரசுக் கடிதம் ஏதும் கிடந்தால், முத்திரை தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.